எக்ஸ்-ரைட் நிறவரிசைச் சோதனை: மதிப்பெண் கண்ணுக்கா, திரைக்கா?

நிற அளவீட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான எக்ஸ்-ரைட், தன் இணையதளத்தில் ஒரு நிறவரிசைச் சோதனையை எவரும் இலவசமாகச் செய்து பார்க்கும்படி வைத்திருக்கிறது. மிக நெருங்கிய சாயல்களைக் கொண்ட சிறு கட்டங்கள் நான்கு வரிசைகளில் கலைந்து கிடக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் நிலையானவை. இடையிலிருப்பவற்றைச் சுட்டியால் இழுத்து, ஒரு முனையின் நிறம் மறுமுனையின் நிறமாகப் படிப்படியாக மாறும் வகையில் அடுக்க வேண்டும். முடித்தவுடன் மதிப்பெண் வரும்: பூஜ்யம் என்றால் பிழையே இல்லை, எண் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. அச்சுக்குப் போகும் படங்களின் நிறத்தைத் திரையில் பார்த்துத் திருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இந்தச் சோதனையை வெவ்வேறு திரைகளிலும் வெவ்வேறு வெளிச்சங்களிலும் செய்து பார்த்திருக்கிறேன். நிறத்தோடு தொழில் செய்கிற ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது தரும் எண்ணைத் தங்கள் கண்ணுக்குக் கிடைத்த தரச்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண்ணில் கண்ணுக்கு ஒரு பங்கு, திரைக்கு ஒரு பங்கு, அறையின் வெளிச்சத்துக்கு ஒரு பங்கு என்று மூன்றும் கலந்திருக்கின்றன.

இந்தச் சோதனைக்கு மூலம், 1943-இல் டீன் ஃபார்ன்ஸ்வொர்த் வெளியிட்ட ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் 100 ஹியூ சோதனை. பெயரில் நூறு இருந்தாலும் அதில் இடம் மாற்றி அடுக்க வேண்டிய வண்ண மூடிகள் 85 மட்டுமே. அவை நான்கு நீண்ட தட்டுகளில் வரும். எல்லா மூடிகளிலும் வெளிர்மையும் செறிவும் ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கப்பட்டு, சாயல் மட்டும் சிறு சிறு படிகளாக நகரும். பகல் வெளிச்சத்தை ஒத்த, நிர்ணயிக்கப்பட்ட விளக்கின் கீழ்தான் அதைச் செய்ய வேண்டும். ஒரு மூடியின் வரிசை எண்ணுக்கும் அதன் இருபுறத்து மூடிகளின் எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, அதிலிருந்து இரண்டைக் கழிப்பது மதிப்பிடும் முறை. இந்தக் கணக்கின்படி, பக்கத்துப் பக்கத்து மூடிகள் இரண்டு இடம் மாறிவிட்டால் மொத்தப் பிழை நான்கு ஆகும். நிறப்பார்வைக் குறைபாடு இல்லாதவர்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தினர் முதல் முறையிலேயே 16 அல்லது அதற்குக் குறைவான பிழையோடு முடிப்பார்கள் என்றும், 68 சதவீதத்தினர் 20-க்கும் 100-க்கும் இடையில் வருவார்கள் என்றும், மீதிப் பேர் நூறைத் தாண்டுவார்கள் என்றும் அந்தச் சோதனையின் கையேடு வகுக்கிறது. இணையப் பதிப்பில் கட்டங்கள் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே அதில் வரும் எண்ணை இந்த வகுப்புகளோடு பொருத்திப் பார்ப்பதில் பொருளில்லை. பலர் அப்படிப் பொருத்திப் பார்த்து மகிழவும் வருந்தவும் செய்கிறார்கள் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வரிசை செங்கல் கலந்த ரோஜா நிறத்தில் தொடங்கிக் காவியையும் கடுகு மஞ்சளையும் கடந்து பாசிப்பச்சைக்குப் போகிறது. இரண்டாவது அங்கிருந்து மயில்கழுத்துக்கு வருகிறது. மூன்றாவது மயில்கழுத்திலிருந்து நீலத்தின் வழியாகக் கத்தரிப்பூ நிறத்துக்கு. நான்காவது கத்தரிப்பூவிலிருந்து, வெளுத்த வாடாமல்லியின் வழியாக, மீண்டும் ரோஜாவுக்கு. எல்லாமே சாம்பல் கலந்த மங்கிய நிறங்கள். கண்ணைப் பறிக்கும் நிறம் ஒன்றுகூடக் கிடையாது என்பது இந்தச் சோதனையின் பெரிய நேர்மை. செறிந்த நிறங்களை வைத்திருந்தால் பெயரைச் சொல்லியே பாதியை அடுக்கிவிடலாம்; மங்கிய நிறங்களுக்கு முன்னால் பெயர்கள் தீர்ந்துபோய், பார்வை மட்டுமே மிஞ்சுகிறது. முதல் வரிசை எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது. தடுமாற்றம் முழுவதும் இரண்டாவது வரிசையின் பின்பாதியிலும் மூன்றாவது வரிசையின் முன்பாதியிலும், அதாவது மயில்கழுத்துக்கு இரண்டு பக்கமும்தான். அங்கே இரண்டு கட்டங்கள் வேறுபட்டவை என்பது தெரிகிறது. எது அதிகப் பச்சை, எது அதிக நீலம் என்று சொல்வதுதான் கடினமாக இருக்கிறது.

அதற்குக் காரணம் விழித்திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. நீண்ட அலை, நடு அலை ஆகிய இரு வகைகளின் உச்ச உணர்திறன் முறையே 560, 530 நானோமீட்டர் அருகில், ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக அமைந்திருக்கிறது; குறுகிய அலை (குற்றலை) வகையின் உச்சமோ 420 நானோமீட்டர் அருகே தனித்து நிற்கிறது. நெருங்கிய இரண்டின் சிறு வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிகிறோம். அந்தக் கணக்கு வியக்கத்தக்க அளவு நுட்பமானது. தூய நிறமாலை ஒளியில், 590 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் பகுதியிலும் 490-ஐ ஒட்டிய நீலப்பச்சைப் பகுதியிலும், ஏறக்குறைய ஒரே ஒரு நானோமீட்டர் மாற்றத்தைக்கூட நல்ல கண் கண்டுகொள்ளும். அப்படியிருக்க, மயில்கழுத்துப் பகுதி திரையில் ஏன் கடினமாகிறது? அங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டிய குற்றலைக் கூம்புகள் மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பார்வையின் நட்டநடுப் புள்ளியில் அவை இல்லவே இல்லை. ஒரு சிறு கட்டத்தை நேராக உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் அந்த நடுப்புள்ளியில் விழுகிறது. அப்போது நீலமும் பச்சையும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கைபேசியில் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள், கட்டங்கள் சிறியவை என்ற ஒரே காரணத்தால் அந்த வரிசைகளில் கூடுதலாகப் பிழை செய்யக்கூடும். பெரிய திரையில், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, கட்டத்தை நேராக முறைத்துப் பார்க்காமல் பார்வையை வரிசை நெடுகிலும் ஓடவிட்டுச் செய்வதே நல்லது.

ஓடவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மங்கிய வேறுபாடுகளை அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அவை மெல்லக் கரைந்துவிடும். 1804-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ட்ராக்ஸ்லர் இதைப் பதிவு செய்தார். பச்சை வரிசையிலேயே நெடுநேரம் தங்கிய கண், அடுத்து பார்க்கும் எதன்மீதும் மெல்லிய சிவப்பைப் பூசிக் காட்டும். வரிசைக்கு வரிசை சற்று நிறுத்தி, சாம்பல் நிறச் சுவரையோ மேசையையோ பார்த்துவிட்டுத் தொடர்வது மதிப்பெண்ணில் உடனே தெரிகிறது.

இந்தச் சோதனை கண்ணுக்குக் கொடுக்கும் மிகப் பெரிய சலுகை, கட்டங்களை ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டபடி வைப்பது. இரண்டு நிறங்கள் ஓர் ஓரத்தில் சந்திக்கும்போது கண் காட்டும் கூர்மை வேறு. அவற்றுக்கு இடையில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டால் மிஞ்சுவது வேறு. ஒரு சாதாரணத் திரையில் (கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில்) சாம்பல் நிறத்தின் 128-ஆம் நிலைக்கும் 129-ஆம் நிலைக்கும் ஒளிர்வில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1.7 சதவீதம். நல்ல சூழலில் கண் கண்டுகொள்ளும் குறைந்தபட்ச ஒளிர்வு மாற்றம் ஒரு சதவீதத்தை ஒட்டியது என்பதால், அவ்விரண்டையும் ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு கோடு இழையோடுவதைக் கவனமான கண் பிடித்துவிடும். வானம் போன்ற மென்மையான பரப்புகளில் பட்டை பட்டையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். ஒரு நிறத்துக்கு 256 நிலைகள் என்ற எட்டு பிட் ஏற்பாடு, கண்ணின் வரம்புக்கு மிக அருகில் இருக்கிறதே தவிர அதைத் தாண்டிவிடவில்லை. அதே இரண்டு சாம்பல்களைத் திரையின் இரு மூலைகளில் வைத்தால் யாராலும் சொல்ல முடியாது. என் வேலையில் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது திறன்: இடப்பக்கத்துப் புடவையும் வலப்பக்கத்துப் புடவையும் ஒரே அரக்கா என்று சொல்ல வேண்டும், நேற்றுத் திருத்திய முகமும் இன்று திருத்துகிற முகமும் ஒரே நிறத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனை அதை அளப்பதே இல்லை. வரிசையில் பூஜ்யம் வாங்கியவர், பக்கம் மாற்றிக் காட்டினால் தடுமாறுவது முற்றிலும் இயல்பு.

நிறங்களுக்கு இடையிலான தூரம் எண்களில் ஒன்றாகவும் கண்ணில் வேறாகவும் இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலான திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி தரத்தில், வெள்ளையின் ஒளிர்வில் ஏறக்குறைய 71.5 சதவீதம் பச்சையிலிருந்தும், 21 சதவீதம் சிவப்பிலிருந்தும், வெறும் 7 சதவீதம் நீலத்திலிருந்தும் வருகிறது. பச்சையை ஓரிரு நிலைகள் கூட்டினால் கண் விழித்துக்கொள்ளும். நீலத்தை அதே அளவு கூட்டினால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். 1942-இல் கோடாக் ஆய்வகத்தில் டேவிட் மெக்கடம், 25 நிறங்களைச் சுற்றிக் கண்ணால் பிரித்தறிய முடியாத எல்லைகளை அளந்தபோது, அவை அன்றைய நிற வரைபடத்தில் வெவ்வேறு அளவிலான நீள்வட்டங்களாக விழுந்தன. அந்த நீள்வட்டங்களைச் சம அளவு வட்டங்களாக்கும் முயற்சிகளின் வழியில் வந்தவைதாம் 1976-இன் லேப் நிறவெளியும், அச்சுத் தொழிலிலும் சாயத் தொழிலிலும் இன்று புழங்கும், இரு நிறங்களின் வேறுபாட்டை ஓர் எண்ணாகச் சொல்லும் டெல்டா ஈ கணக்கும். திரை விளம்பரங்கள் சொல்லும் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் என்பது 256-ஐ மும்முறை பெருக்கிய தொகை. அதில் பெரும்பகுதி, பக்கத்தில் வைத்தாலும் நம் கண்ணுக்கு வேறுபடாத ஜோடிகள். மனிதக் கண் பிரித்தறியும் நிறங்களைப் பற்றிய மதிப்பீடுகள் 20 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் இடையில் நிற்கின்றன. அவற்றிலும் எஸ்ஆர்ஜிபி திரையால் காட்ட முடியாதவை ஏராளம். உண்மையான மயிலின் கழுத்தில் மின்னும் நீலப்பச்சை அப்படிப்பட்ட ஒன்று.

இனித் திரையின் பங்கு. மலிவான மடிக்கணினிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த டிஎன் பேனல்கள் (எல்சிடி திரைகளில் ஒரு வகை) பல, ஒரு நிறத்துக்கு ஆறு பிட், அதாவது 64 நிலைகள் மட்டுமே காட்டக்கூடியவை. இடைப்பட்ட நிலைகளைக் காட்ட, பக்கத்து நிலைகள் இரண்டையும் வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிக் கண்ணைச் சமாளிக்கின்றன. அதைவிடத் தொல்லை அவற்றின் பார்வைக் கோணம்: தலையைச் சற்று உயர்த்தினாலோ திரையைச் சாய்த்தாலோ வெளிர்மை மாறிவிடும். எக்ஸ்-ரைட் சோதனையில் வரிசைகள் கிடைமட்டமாக இருப்பதால், ஒரே வரிசைக்குள் இந்தக் கோளாறு ஓரளவு மறைந்துவிடுகிறது. மேல் வரிசையும் கீழ் வரிசையும்தான் வெவ்வேறு திரைகளில் இருப்பது போலாகின்றன. பழைய டிஎன் மடிக்கணினி ஒன்றில் செய்தபோது, கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலில் எனக்கு எளிதாக வந்த நான்காவது வரிசையில் பிழைகள் குவிந்தன. கண் அதே கண்தான்.

மோசமான திரை எப்போதும் மதிப்பெண்ணைக் கெடுக்கும் என்றும் சொல்ல முடியாது; சில வேளைகளில் அது உதவியும் செய்துவிடும். மூலச் சோதனையில் வெளிர்மை சமமாக இருப்பதால் சாயலை மட்டுமே நம்பி அடுக்க வேண்டியிருக்கிறது. அளவீடு செய்யப்படாத திரையில் ஒரு நிறம் தூக்கலாக இருந்தால் வரிசை நெடுக வெளிர்மையும் ஏறி இறங்கும். கண் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நிறத்தைப் பார்க்காமலேயே அடுக்கிவிடும். ஒளிர்வு வேறுபாடுகளை நிற வேறுபாடுகளைவிட நுணுக்கமாகக் காணும் கண் நம்முடையது. ஜேபெக் படங்களிலும் காணொளிகளிலும் நிறத் தகவலைப் பெருமளவு குறைத்து, ஒளிர்வை மட்டும் முழுமையாக வைத்துக்கொள்ளும் உத்தி இந்த உண்மையின் மீதுதான் நிற்கிறது. ஆகவே, எளிதாகக் கிடைத்த பூஜ்யத்தையும் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

செய்ய விரும்புகிறவர்கள் முதலில் இரவு ஒளி, கண் பாதுகாப்பு, சுற்றுப்புறத்துக்கேற்ப நிறம் மாற்றும் வசதி ஆகியவற்றை முற்றாக அணைத்துவிட வேண்டும். இரவு ஒளி என்பது நீலத்தைக் குறைப்பது. நீலத்தைக் குறைத்துவிட்டு மூன்றாவது வரிசையைச் செய்வது வீண் வேலை. திரையை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி திருப்பி வைத்து, அறை விளக்கைத் தணித்துக்கொண்டால் போதும். மானிட்டரின் மெனுவில் 6500 கே (பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மை) அல்லது எஸ்ஆர்ஜிபி என்றொரு தேர்வு இருந்தால் அதையே வைக்கலாம். “விவிட்”, “சினிமா” போன்ற தேர்வுகள் மங்கிய நிறங்களைத் தாறுமாறாக்கிவிடும்.

அதன் பிறகும் கண்ணையும் திரையையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, லாகோம் என்ற இலவசத் திரைச் சோதனைப் பக்கங்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். கறுப்புக்கு மிக அருகிலுள்ள சதுரங்கள், வெள்ளைக்கு மிக அருகிலுள்ள சதுரங்கள், பட்டையில்லாத சாய்வு என்று அவை வரிசையாகத் திரையைச் சோதிக்கின்றன. கறுப்பில் முதல் சில சதுரங்கள் பின்னணியோடு கரைந்துபோனால் குறை பெரும்பாலும் பேனலிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது, கண்ணில் இல்லை. அங்கே திரையைச் சரிசெய்துகொண்டு இங்கே கண்ணைச் சோதிப்பது என்ற வரிசையில் போனால், எக்ஸ்-ரைட் தரும் எண் கணிசமான அளவு பொருளுள்ளதாகிவிடுகிறது.

மருத்துவ நோக்கில் இதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கும் பெண்களில் அரை சதவீதத்தினருக்கும் பிறவியிலேயே சிவப்பு-பச்சைக் குறைபாடு இருக்கிறது. அதற்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு. அத்தகையவர்களுக்கு இந்தச் சோதனையின் முடிவு வரைபடத்தில் பிழைகள் குறிப்பிட்ட இரு இடங்களில் திரண்டு நிற்கும். வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாவதால், மூத்தவர்களுக்கு நீலம்-மஞ்சள் திசையில் பிழைகள் கூடும்; பிரித்தறியும் திறன் இருபது வயதை ஒட்டி உச்சத்தில் இருந்து பின்னர் மெல்லக் குறைவது இயற்கை. ஆனால் திரையின் கோளாறும் இதே வடிவங்களைப் போலியாக உருவாக்கும் என்பதால், ஐயம் எழுந்தால், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளோடும் உண்மையான வண்ண மூடிகளோடும் சோதிக்கும் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ரயில்வே போன்ற வேலைகளுக்கான மருத்துவத் தேர்வுக்குப் போகும் இளைஞர்கள் இணையத்தில் கிடைத்த நல்ல மதிப்பெண்ணை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவதும், கெட்ட மதிப்பெண்ணைக் கண்டு மனமுடைவதும் எனக்கு உண்மையான கவலையைத் தருகின்றன.

முடிவுப் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. எந்தச் சாயல் பகுதியில் பிழை கூடியது என்பதைக் காட்டும் வரைபடம் மிகவும் பயனுள்ளது. எண்ணைவிட அதையே நான் கவனமாகப் பார்க்கிறேன். பாலினத்தையும் வயதுப் பிரிவையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பிரிவில் வந்த மிகச் சிறந்த, மிக மோசமான மதிப்பெண்களைக் காட்டும் பகுதி பயனற்றது. விளையாட்டாகக் கட்டங்களைத் தொடாமலேயே முடித்தவர்களின் எண்ணும் அந்த மோசமான முனையில் சேர்ந்துவிடும். சிறந்த முனையில் பூஜ்யம் நிற்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுப்பகுதியில் எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டினால் மட்டுமே ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

மூலச் சோதனையைப் போலவே இங்கும் இரண்டாம் முறை செய்யும்போது மதிப்பெண் மேம்படும். எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிவிடுகிறது. ஆகவே முதல் எண்ணை ஒதுக்கிவிட்டு, இரண்டாவது எண்ணைத் திரையின் பெயரோடும் நாளின் எந்நேரம் என்பதோடும் குறித்து வைப்பது என் வழக்கம். அதே திரையில் அதே வெளிச்சத்தில் அந்த எண் திடீரென உயர்ந்தால் கண் களைத்திருக்கிறது என்று பொருள் கொண்டு, நிறம் திருத்தும் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைக்கிறேன். சாய ஆலைகளில் பகல் வெளிச்சத்தை ஒத்த டி65, கடை வெளிச்சத்தை ஒத்த டிஎல்84 விளக்குகள் பொருத்திய ஒளிப்பெட்டியில் துணியின் நிறத்தை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இந்த இணையச் சோதனை எவ்வகையிலும் போதாது. அவர்களுக்கு மூடிகள் கொண்ட மூலச் சோதனைதான் உரியது. திரையிலேயே தொடங்கித் திரையிலேயே முடியும் வேலை செய்கிற புகைப்படக்காரர்கள், காணொளித் தொகுப்பாளர்கள், பக்க வடிவமைப்பாளர்கள் ஆகியோர் தாங்கள் வேலை செய்யும் அதே திரையில் இதைச் செய்தால், அவர்களுக்கு வேண்டிய அளவீடு அப்படியே கிடைக்கும். ஏனென்றால் அவர்களுடைய தொழிலில் கண்ணும் திரையும் சேர்ந்தேதான் இயங்குகின்றன. சோதனை தொடங்கும் முன் திரையின் சாம்பல் சாய்வையும் கறுப்பு நிலையையும் சரிபார்க்கும் ஒரு பக்கத்தை எக்ஸ்-ரைட் சேர்த்தால், மற்றவர்களுக்கும் அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பது புரியும்.